இரவு ஊறவைத்த பிரெஞ்சு டோஸ்ட் காலையில் சொதப்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

விடுமுறை நாளில் வீடு நிறைய ஆள் இருக்கும்போது, ஒவ்வொரு துண்டாகத் தவாவில் சுட்டுப் போட்டுக்கொண்டு நிற்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்காகவே வந்த வழி இது: பிரெட்டை முந்தின இரவே முட்டை, பால் கலவையில் ஊறப்போட்டு, காலையில் பாத்திரத்தோடு ஓவனில் வைத்துவிடுவது. வேலை குறைவுதான். ஆனால் தவாவில் முதல் துண்டு கெட்டால் அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம்; இங்கே கெட்டால் எட்டுப் பேர் காலை உணவும் ஒரே பாத்திரத்தில் கெடும்.

பெரும்பாலான கோளாறுகள் இரவிலேயே விதைக்கப்படுகின்றன: பிரெட்டின் ஈரம், கலவையின் அளவு, ஊறிய விதம். காலையில் நேர்பவை அநேகமாகச் சூடு சம்பந்தப்பட்டவை. இரவுத் தவறைக் காலையில் முழுக்கச் சரிசெய்ய முடியாது, ஆனால் சமாளிக்கலாம். எனவே ஒவ்வோர் அறிகுறிக்கும் உடனே செய்ய வேண்டியதும், அடுத்த முறை மாற்ற வேண்டியதும் சேர்ந்தே வருகின்றன. வெப்ப அளவுகள் எல்லாமே செல்சியஸ்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

எங்கே தப்பியது என்று கண்டுபிடிக்க, சரியான அளவு ஒன்று கையில் இருக்க வேண்டும். எட்டுப் பேருக்கு, 23 × 33 செ.மீ. பாத்திரத்தில், 5 செ.மீ. ஆழத்துக்கு:

- பிரெட் 450 கிராம், 2.5 செ.மீ. சதுரத் துண்டுகளாக
- பெரிய முட்டை 6
- கொழுப்பு நீக்காத பால் 480 மி.லி., கிரீம் 120 மி.லி. (கிரீம் இல்லையென்றால் பாலே 600 மி.லி.)
- சர்க்கரை 75 கிராம், உப்பு அரை டீஸ்பூன்
- வெனிலா எசென்ஸ் 2 டீஸ்பூன், பட்டைத்தூள் ஒன்றரை டீஸ்பூன்
- பாத்திரத்தில் தடவ வெண்ணெய் 15 கிராம்
- மேலே தூவ: மைதா 60 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, விரல் நுனியால் பிசிறி உதிரியாக

பிரெட் துண்டுகளை 150 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் உலர்த்தி ஆறவிடுங்கள். கலவையை மூன்று தடவையாகப் பரவலாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்குங்கள். இறுக மூடி ஃபிரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம். காலையில் வெளியே எடுத்து அரை மணி நேரம் விட்டு, 180 டிகிரியில் (காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 160) ஃபாயில் மூடி 30 நிமிடம். பிறகு ஃபாயிலை எடுத்து, மேல்தூவலைப் போட்டு, இன்னும் 20 முதல் 25 நிமிடம். பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள்.

பாதி அளவு போதுமென்றால் 20 செ.மீ. சதுரப் பாத்திரத்தில் எல்லாவற்றையும் பாதியாக்கி, மொத்தம் 35 முதல் 40 நிமிடம் சுடலாம்.

அறிகுறி: நடுவில் கொழகொழவென்று ஈரமாக இருக்கிறது

அதிகம் வரும் புகாரும் இதுதான், அதிகம் தவறாக மருந்து பார்க்கப்படுவதும் இதுதான். ஈரத்தைப் பார்த்ததும் பலரும் செய்வது, திரும்ப ஓவனில் தள்ளுவது. பாதி நேரம் அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். வேகாத முட்டைக் கலவையும் ஈரமாக இருக்கும், அளவுக்கு மீறி வெந்ததும் ஈரமாகவே இருக்கும்.

எது என்று பார்க்க, பாத்திரத்தின் நட்ட நடுவில் மெல்லிய கத்தியைச் செருகி, லேசாகப் பக்கவாட்டில் தள்ளி இடைவெளி உண்டாக்குங்கள். பக்கத்தில் கரண்டியால் மெதுவாக அமுக்குங்கள். இடைவெளியில் ஊறிவரும் திரவத்தின் நிறத்தைக் கவனியுங்கள்.

*மஞ்சளாக, பால்போலக் கலங்கலாக, கத்தியில் ஒட்டுகிறது:* வேகவில்லை. ஃபாயிலை மீண்டும் மூடி, சூட்டை 160க்குக் குறைத்து 10 முதல் 15 நிமிடம் கூட்டுங்கள். சூட்டை ஏற்றினால் ஓரம் முறுகுமே தவிர நடுப்பகுதிக்குப் பயன் இருக்காது. வேகாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில் ஓவனுக்குப் போனது, சின்னப் பாத்திரத்தில் அடைத்ததால் ஆழம் 5 செ.மீ.யைத் தாண்டியது, உறைந்த பழங்களைப் போட்டுவிட்டு நேரத்தைக் கூட்டாமல் விட்டது, ஓவன் சொல்கிற சூடும் உள்ளே இருக்கிற சூடும் வேறாக இருப்பது. கடைசிக் காரணத்தை ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒரே தடவையில் காட்டிவிடும். இதே ஓவனில் கேக்கும் சொன்ன நேரத்தைவிட அதிக நேரம் எடுக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

*தெளிந்த தண்ணீர், அதோடு சின்னச் சின்னத் திரிந்த கட்டிகள்:* அதிகம் வெந்துவிட்டது. முட்டைப் புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு பாலைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடு கூடக்கூட வலை இறுகி, பிடித்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. பிரிந்த நீர் திரும்பச் சேராது. பாத்திரத்தைச் சாய்த்து, தேங்கியதைக் கரண்டியால் எடுத்துவிட்டு, மூடாமல் பத்து நிமிடம் விடுங்கள். பிரெட் கொஞ்சத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். சாப்பிடுவதற்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, மென்மைதான் போயிருக்கும். கொழுப்பு நீக்கிய பாலில் செய்திருந்தால் நீர் பிரிவது இன்னும் சீக்கிரமாக நடக்கும்.

*தண்ணீரே வரவில்லை, ஆனால் பிரெட் களிபோல இருக்கிறது:* கலவை சரியாகத்தான் வெந்திருக்கிறது; பிரெட் தாங்கவில்லை. இதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

இந்த மூன்றையும் ஊகிக்காமல் இருக்க, உணவில் செருகும் வெப்பமானி ஒன்று போதும். முட்டை சேர்த்த உணவு பாதுகாப்பாக இருக்க நடுப்பகுதி குறைந்தது 71 டிகிரியைத் தொட வேண்டும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த கலவை நன்றாக இறுக 77 முதல் 80 வரை போகவேண்டும். 85ஐத் தாண்டினால் நீர் பிரியத் தொடங்கும். அதாவது கையில் இருக்கும் இடைவெளி பத்து டிகிரிக்கும் குறைவு. 77 காட்டியதும் வெளியே எடுத்துவிடுங்கள்; ஆறும் பத்து நிமிடத்தில் உள்சூடு இன்னும் ஒன்றிரண்டு டிகிரி தானாக ஏறும். ஊசி முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, தொட்டால் பாத்திரத்தின் சூட்டைத்தான் காட்டும்.

வெப்பமானி இல்லையென்றால், பாத்திரத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரங்கள் அசையாமல், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஒட்டுமொத்தமாக மெல்லக் குலுங்கினால் எடுக்கும் பதம். அலையடித்தால் இன்னும் வேகவேண்டும்.

அறிகுறி: துண்டுகள் உருத்தெரியாமல் களியாகிவிட்டன

"பழைய பிரெட் போட்டேன், அப்படியும் களியாகிவிட்டது" என்பார்கள். பழசு என்பதும் உலர்ந்தது என்பதும் வேறுவேறு. கவருக்குள்ளேயே நாலு நாள் கிடந்த பிரெட்டில் ஈரம் பெரிதாக வெளியேறியிருக்காது. அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி படிகமாக இறுகுவதால்தான் கடினமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் அந்த இறுக்கம் விட்டுப்போய், துண்டு மறுபடி தொளதொளவென்று ஆகிவிடும். உண்மையில் ஈரம் வெளியேற வேண்டும். அதற்கு ஓவன்தான் நம்பகமான வழி.

துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ட்ரேயில் பரப்பி 150 டிகிரியில் வையுங்கள். ஏழாவது நிமிடத்தில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். பதம் இதுதான்: வெளிப்பக்கம் தட்டினால் மொடமொடவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் நடுவில் கொஞ்சம் மெத்தென்று கொடுக்கும், நிறம் மாறியிருக்காது. சமையல் தராசு இருந்தால் எடை போடுங்கள். 450 கிராம் ஏறக்குறைய 400க்கு வந்திருந்தால் சரி. பொன்னிறமாகும் வரை விட்டால் மேல்தோல் உறிஞ்சாது, அது வேறொரு தொல்லை. ஓவன் வேண்டாமென்றால், முந்தின நாள் காலையிலேயே துண்டு போட்டு கம்பி வலையில் திறந்தபடி பரப்பி வைக்கலாம். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் இது வேலைக்காகாது.

எந்த பிரெட் என்பதும் முக்கியம். பிரியோஷ், ஹல்லா போன்ற வெண்ணெயோ எண்ணெயோ முட்டையோ சேர்ந்த மெத்தென்ற ரொட்டிகள் ருசியில் முதலிடம், தாங்குவதில் நடுத்தரம். இவற்றுக்குப் பாலில் 100 மி.லி. குறைத்துக்கொள்ளுங்கள். பகெட் (தோல் தடித்த நீளமான பிரெஞ்சு ரொட்டி), புளிப்பு மாவு ரொட்டி போன்றவை முழு அளவையும் தாங்கும். சாண்ட்விச் செய்யும் மெல்லிய வெள்ளை பிரெட் இரவு முழுக்க ஊறுவதற்கானதே இல்லை. அதைத்தவிர வேறில்லை என்றால், நன்றாக உலர்த்தி, கலவையைத் தனியாக ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஓவனில் வைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு மட்டும் ஊற்றுங்கள். இரவு வேலையில் பெரும்பகுதி அப்போதும் முடிந்திருக்கும்.

ஏற்கெனவே களியாகிவிட்டதை என்ன செய்வது? முழுக்க ஆறவிட்டு ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் இறுகவைத்து, சதுரமாக வெட்டி, தவாவில் வெண்ணெய் விட்டு இருபுறமும் முறுகச் சுடுங்கள். விருந்தாளிகளுக்கு அதுவே திட்டமிட்டுச் செய்ததுபோலத் தெரியும்.

அறிகுறி: காலையில் பார்த்தால் அடியில் கலவை தேங்கி, மேல் துண்டுகள் வறண்டு கிடக்கின்றன

இது ஓவனுக்குப் போகும் முன்பே கண்ணில் படுவதால் தப்பித்தீர்கள். அகலமான கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டி, வறண்ட துண்டுகளைக் கீழே அனுப்புங்கள். தட்டையாக அமுக்கி 20 நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகும் அரை செ.மீ. உயரத்துக்குமேல் கலவை தேங்கியிருந்தால், நூறு மி.லி. அளவுக்கு வெளியே எடுத்துவிடுவது நல்லது.

காரணம் அநேகமாக மேல்தோல். தடித்த தோலுள்ள ரொட்டியில் கலவை வெட்டிய பக்கத்தின் வழியாக மட்டுமே உள்ளே போகும். துண்டுகளைச் சிறிதாக்குங்கள், அல்லது மிகத் தடித்த தோலைச் சீவிவிடுங்கள். ஒரே இடத்தில் மொத்தத்தையும் ஊற்றுவது இரண்டாவது காரணம். ஊற்றியபின் கிளிங் ஃபிலிமைத் துண்டுகளின்மேல் நேராகப் படியவைத்து, அதன்மேல் ஒரு தட்டை வைத்தால் இரவு முழுக்க எல்லாம் அமுங்கியே இருக்கும்.

நேர்மாறாக, கலவை முழுவதும் இழுக்கப்பட்டு எல்லாமே வறட்சியாகத் தெரிந்தால், ஒரு முட்டையை 100 மி.லி. பால், ஒரு சிட்டிகை உப்போடு அடித்து மேலே பரவலாக ஊற்றி, கால் மணி நேரம் கழித்துச் சுடுங்கள்.

அறிகுறி: மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை

ஃபாயில் மூடாமல் சுட்டிருப்பீர்கள், அல்லது ட்ரே மேல் தட்டில் இருந்திருக்கும். நடுத்தட்டுக்கு இறக்கி, ஃபாயிலைக் கூடாரம்போலத் தொய்வாக மூடி, 160க்குக் குறையுங்கள். மேல்தூவலில் ஒட்டாமலிருக்க ஃபாயிலின் உட்புறம் கொஞ்சம் வெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். காற்றாடி ஓவனில் 20 டிகிரி குறைக்க மறந்தாலும் இதே கதிதான்.

அறிகுறி: மேல்தூவல் மொறுமொறுப்பாக இல்லை

இரவே தூவிவிட்டீர்கள். மைதாவும் சர்க்கரையும் இரவு முழுக்க ஈரத்தை இழுத்துப் பசையாகிவிடும். உதிரியாகப் பிசிறி, தனி டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, ஃபாயிலை எடுக்கும்போது குளிர்ச்சியாகவே தூவுங்கள். வெண்ணெய் உருகியிருந்தால் தூவல் வழிந்து தட்டையாகப் படிந்துவிடும். பாதாம், வால்நட் போன்றவையும் அப்போதே. இரவே சேர்த்த பருப்புகள் ரப்பராகிவிடும், அதைத் திருத்த வழியில்லை.

தூவியது சரியான நேரத்தில்தான், ஆனால் பரிமாறும்போது நமுத்துவிட்டது என்றால், வெளியே எடுத்தபின் மூடி வைத்திருப்பீர்கள். ஆவி மேலே போக வழி விடுங்கள். சூடு ஆறாமலிருக்க மூடித்தான் ஆகவேண்டும் என்றால், ஓவனை அணைத்துவிட்டு கதவைக் கொஞ்சம் திறந்தபடி உள்ளேயே வைப்பது மேல். ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உள்ளே வேகுவது நிற்காது.

அறிகுறி: முட்டை வாடை தூக்கலாக இருக்கிறது

வாடைக்குக் காரணமான கந்தகம் வெள்ளைக்கருவில்தான் அதிகம். நெடுநேரம் சூடானால் அது கூடுதலாக வெளிப்படும். ஆகவே முதல் சந்தேகம் அதிகம் வெந்ததன் மீதுதான் விழவேண்டும். அது இல்லையென்றால் முட்டைகளின் எண்ணிக்கை: 450 கிராம் பிரெட்டுக்கு எட்டு முட்டை வரை போடும் குறிப்புகள் உண்டு, அவற்றில் செய்தால் சிலருக்கு ஆம்லெட் சாப்பிடுகிற உணர்வுதான் வரும். ஆறு முழு முட்டைக்குப் பதில் நாலு முழு முட்டை, மூன்று மஞ்சள்கரு என்று மாற்றிப் பாருங்கள். வாடை குறையும், பதமும் பட்டுப்போல வரும்.

உப்பை விட்டுவிடுவதும் ஒரு காரணம். இனிப்புப் பண்டம்தானே என்று உப்பைத் தவிர்ப்பவர்கள் அடுத்த முறை அரை டீஸ்பூன் போட்டு வித்தியாசம் பார்க்கலாம். துருவிய ஆரஞ்சுத் தோல் ஒரு டீஸ்பூன் சேர்த்தாலும் நன்றாக அடங்கும். பழச்சாறு வேண்டாம், பால் திரிந்துவிடும்.

அறிகுறி: அங்கங்கே வெள்ளைத் திட்டுகள், பட்டைத்தூள் கட்டிகள், வெண்ணெய்க் குருணைகள்

மூன்றும் கலக்கும் வரிசை தப்பியதால் வருபவை. வெள்ளைத் திட்டு என்பது சரியாக அடிபடாத வெள்ளைக்கரு. பால் சேர்ப்பதற்கு முன்பே முட்டையைத் தனியாக, இழை இழையாக விழாமல் ஒரே சீராகும்வரை அடிக்க வேண்டும். மஞ்சள்கருவைப் பிடித்திருக்கும் வெள்ளைக் கயிறுபோன்ற பகுதி அடித்தாலும் கரையாது. கலவையை வடிகட்டியில் ஒருமுறை ஊற்றினால் அது தங்கிவிடும்.

பட்டைத்தூள் பாலில் கரையவே கரையாது. மேலே மிதந்து, ஊற்றும்போது கடைசியில் மொத்தமாக ஓரிடத்தில் விழும். சர்க்கரையோடு உலர்ந்த நிலையிலேயே கலந்து, அந்தச் சர்க்கரையை முட்டையில் அடித்து, அதன்பின் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அதைவிட எளிது, பாதித் தூளைப் பிரெட் அடுக்குகளுக்கு நடுவே நேராகத் தூவிவிடுவது. உருக்கிய வெண்ணெயைக் கலவையில் சேர்ப்பவர்கள் பால் குளிர்ச்சியாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த பாலில் விழுந்ததும் அது குருணையாக உறைந்துவிடும். உறைந்தாலும் சுடும்போது உருகிவிடுவதால் பயப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: ஓவனில் உப்பி நின்றது, வெளியே எடுத்ததும் அமுங்கிவிட்டது

கோளாறு இல்லை. உள்ளிருந்த ஆவியும் காற்றும் சூட்டில் விரிந்து தூக்கிப் பிடித்திருந்தன, ஆறியதும் இறங்குகின்றன. நடுவில் குழி விழுந்து, குழியில் ஈரமும் தெரிந்தால் மட்டும் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: பழங்கள் சாயம் விட்டு, எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது

புளூபெரியின் நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாகத் திரும்பும். முட்டை வெள்ளைக்கரு காரத்தன்மை உள்ளது. இரவு முழுக்க இரண்டும் சேர்ந்து கிடந்தால் விளைவு கண்ணுக்கு இதமாக இருக்காது. பெரிப் பழங்களைக் காலையில், ஓவனுக்குப் போகும் நேரத்தில் மேலே பதியுங்கள். உறைந்த பழமென்றால் முன்கூட்டியே கரையவிட வேண்டாம்; ஒரு டீஸ்பூன் மைதாவில் புரட்டிப் போட்டு, சுடும் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டுங்கள். அளவு ஒரு கப்பைத் தாண்டினால் அவை விடும் சாறே அடியில் தேங்கும்.

ஆப்பிள் வேறு ரகம்: பச்சையாகப் போட்டால் பிரெட் வெந்த பிறகும் நறுக்கென்று கடிபடும். வெண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி, ஆறவிட்டுச் சேர்த்தால் அதை இரவே போட்டுவிடலாம். வாழைப்பழம் இரவில் கறுத்துவிடும், அது காலை வேலைதான்.

அறிகுறி: அடியில் ஊற்றிய கேரமல் கல்லாகிவிட்டது

சிலர் பாத்திரத்தின் அடியில் 85 கிராம் வெண்ணெயும் 150 கிராம் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றி, அதன்மேல் பிரெட்டை அடுக்கிச் சுட்டு, தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வெறும் சர்க்கரை ஆறும்போது மறுபடி படிகமாகும். இரண்டு மேசைக்கரண்டி தேனோ கோல்டன் சிரப்போ (கெட்டியான சர்க்கரைப் பாகு) சேர்த்து உருக்கினால் இளகியே இருக்கும். வெளியே எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் கவிழ்த்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்டுவிட்டால் பாத்திரத்தை மூன்று, நான்கு நிமிடம் ஓவனில் திரும்பச் சூடுகாட்டிக் கவிழ்க்கவும்.

அறிகுறி: கண்ணாடிப் பாத்திரம் விரிசல் விட்டது

உணவை அப்படியே குப்பையில் போடுங்கள், "இந்த ஓரம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஆராய வேண்டாம். சில்லு கண்ணுக்குத் தெரியாது.

ஃபிரிட்ஜ் குளிரிலிருந்து 180 டிகிரிக்கு ஒரே தாவலாகப் போவதைக் கண்ணாடி தாங்காது. அரை மணி நேரம் வெளியே வைப்பது அதற்கும் சேர்த்துத்தான். குளிர்ந்த ஓவனில் வைத்து அதோடு சேர்த்துச் சூடாக்குவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சூடேறும் நேரத்தில் கீழ்க்கம்பி முழுவேகத்தில் எரிந்து அடிப்பாகத்தை மட்டும் தாக்கும். ஓவன் முழுச் சூட்டுக்கு வந்த பிறகே உள்ளே வையுங்கள். சூடான கண்ணாடியை ஈரமான மேடையிலோ கல்லின்மேலோ இறக்காமல் மடித்த துணியில் இறக்குங்கள். மேல் முறுகலுக்காக கிரில் சூட்டைப் போடுவது கண்ணாடிக்கு ஆகாது. இந்தக் கவலையே வேண்டாமென்றால் உலோக ட்ரே. ஓரம் சீக்கிரம் சிவக்கும் என்பதால் கடைசிப் பத்து நிமிடம் கண் அதன்மேல் இருக்கட்டும்.

வெளியே வைக்கும் நேரமும் அளவோடு இருக்க வேண்டும். பச்சை முட்டைக் கலவை அறை வெப்பத்தில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நல்ல வெயில் காலத்தில் ஒரு மணி நேரம். ஃபிரிட்ஜிலும் 24 மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

அறிகுறி: முட்டையில்லாமல் செய்தது இறுகவேயில்லை

பாலில் தானாக இறுகும் பொருள் எதுவும் இல்லை. சோளமாவையோ கஸ்டர்ட் பவுடரையோ பச்சையாகக் கலந்து ஊற்றினால், இரவில் மாவு அடியில் படிந்துவிடும்: கீழே ரப்பர், மேலே பால். 600 மி.லி. பாலுக்கு மூன்று மேசைக்கரண்டி மாவைக் கரைத்து, அடுப்பில் கொதித்துக் கெட்டியாகும்வரை கிளறி, இளஞ்சூட்டில் ஊற்றும் பதத்திலேயே பிரெட்டின்மேல் விடுங்கள். ஆறவிட்டால் கெட்டியாகி உள்ளே இறங்காது. ஊற்றியபின் சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வைக்கலாம். முட்டையில் செய்ததைப்போல உப்பாது; புட்டிங் பதத்தில் இருக்கும்.

அறிகுறி: முழு ஸ்லைஸாக ஊறவைத்தேன், எடுக்கும்போது கிழிகிறது

ஸ்லைஸ் 2.5 செ.மீ. தடிமன் இருக்கட்டும், உலர்த்தியதாக இருக்கட்டும், ட்ரேயில் ஒரே அடுக்காக ஊறட்டும். எடுக்கக் கை வேண்டாம், அகலமான தோசைத் திருப்பி போதும். இவ்வளவுக்குப் பிறகும் கிழிந்தால் தவாவை மறந்துவிட்டு, வெண்ணெய் தடவிய ட்ரேயில் 200 டிகிரியில் பத்து நிமிடம், திருப்பிப்போட்டு எட்டு நிமிடம் சுடுங்கள்.

தவாவில் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருந்தால் தீ அதிகம். மிதமான தீயில், வெண்ணெயோடு ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்.

அறிகுறி: மீந்ததைச் சூடாக்கினால் ரப்பர், ஃப்ரீசரில் வைத்தால் ஒரே பாளம்

மைக்ரோவேவ் முழு வேகத்தில் ஓடினால் முட்டை மறுபடி இறுகி ரப்பராகும். பாதி வேகத்தில் அரை அரை நிமிடமாக வையுங்கள். நிறைய மீந்திருந்தால் ஃபாயில் மூடி 165 டிகிரி ஓவனில் 15 முதல் 20 நிமிடம், உள்சூடு 74 வரும்வரை. சுட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும்.

ஃப்ரீசருக்கு என்றே செய்வதானால் ஸ்லைஸாகச் சுடுவதுதான் வசதி. தட்டில் அடுக்கி ஆறவைத்தால் அடிப்பக்கம் வியர்த்துவிடும், கம்பி வலையில் ஆறவையுங்கள். பிறகு ட்ரேயில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஒன்றிரண்டு மணி நேரம் உறையவிட்டு, அதன்பிறகே பையில் போடுங்கள். இரண்டு மாதம் ருசி குறையாது. எடுத்து, கரையவிடாமலே 190 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். டோஸ்டரில் போட்டால் வெளியே கருகி நடுவில் ஐஸ் நிற்கும். குறைந்த அளவில் வைத்து இரண்டு சுற்று ஓட்டினால் சரியாக வரும்.

அறிகுறி: எல்லாம் சரி, சாப்பாட்டு நேரம்தான் தள்ளிப்போய்விட்டது

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். ஒன்பது மணிக்குப் பரிமாற வேண்டுமென்றால், 7.20க்கு ஃபிரிட்ஜிலிருந்து வெளியே, அதே நேரத்தில் ஓவனையும் போடுங்கள். 7.50க்கு உள்ளே. 8.20க்கு ஃபாயிலை எடுத்து மேல்தூவல். 8.40லிருந்து வெப்பமானியோடு தயாராக நில்லுங்கள். 8.45க்கு வெளியே வந்தால் ஆறுவதற்கும் வெட்டுவதற்கும் நேரம் சரியாக இருக்கும்.

பதினாறு பேர் என்றால் ஒரே ஆழமான பாத்திரத்தில் இரட்டிப்பாக்காதீர்கள், இரண்டு பாத்திரமாக வையுங்கள். ஒரே ஓவனில் இரண்டு தட்டில் வைத்தால் முப்பதாவது நிமிடத்தில் மேல்கீழாக மாற்றி, மொத்த நேரத்தில் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது மேலே சொன்ன கணக்கில் எல்லாமே பத்து நிமிடம் முன்னால் நகரும்.